முதலில் ஸ்பீக்கரா, ரிசீவரா?

நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பன்னிரண்டுக்குப் பதினாறு அடி ஹால். 2013இல் வாங்கிய, ஒரு சேனலுக்கு (அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு) 80 வாட் என்று அச்சிட்ட 5.1 ரிசீவர்; டிவியின் ஒலியை வாங்கி ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி அது. அதோடு சேர்த்து வாங்கிய, மூன்று அங்குலக் கோன் (காற்றைத் தள்ளும் கூம்பு) கொண்ட ஐந்து சின்ன ஸ்பீக்கர்களும், அடிச்சுருதியை மட்டும் பாடும், தனியே கரண்ட் எடுத்துக்கொள்ளும் எட்டு அங்குல சப்வூஃபரும். சண்டையும் பாட்டும் காதைப் பிளக்கின்றன, வசனம் மட்டும் புரியவில்லை என்கிறார். வீட்டில் மாமனார் படம் முடிவதற்குள் பத்துத் தடவை "என்ன சொன்னான்?" என்று கேட்டுவிடுகிறாராம். கையில் 60,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. கடைக்காரர் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி முறை) வசதியுள்ள 7.2 ரிசீவரை வாங்கச் சொல்கிறார். உடன் வேலை பார்க்கும் நண்பர் ஸ்பீக்கரை மாற்றச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை நண்பர் சொல்வதே சரி. அதிலும் முதலில் மாற்ற வேண்டியது டிவிக்குக் கீழே இருக்கும் நடு ஸ்பீக்கர், அதாவது சென்டர். ஆனால் பணத்தை எடுத்துக்கொண்டு மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், காசு செலவில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து முடிக்கக்கூடிய சில வேலைகள் இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் எதை வாங்கினாலும் பாதிப் பணம் வீண். இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதையும் விளக்க வேண்டும், ஏனென்றால் இதே கேள்வியை வேறு நிலைமையில் உள்ள ஒருவர் கேட்டிருந்தால் ரிசீவரை முதலில் மாற்றுங்கள் என்றும் சொல்லியிருப்பேன்.

நான் இந்தத் தொழிலுக்குள் வந்தது உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு ரேடியோ செட் கடை வழியாக. கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி என்று எங்கே போனாலும் நாங்கள் கொண்டுபோனது ஒரு 40 வாட் ஆம்ப்ளிஃபயரும், வேப்பமரத்தில் ஏறிக் கட்டும் இரண்டு குழாய்களும்தான். அந்த 40 வாட்டில் போட்ட பாட்டு கண்மாயைத் தாண்டி அடுத்த ஊர்க் களத்துமேட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கேட்கும். அதே ஆம்ப்ளிஃபயரில் வீட்டுச் சின்ன ஸ்பீக்கரை மாட்டினால் தெருமுனையைத் தாண்டாது. குழாய் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 105 டெசிபலை ஒட்டி வரும். மூன்று அங்குலக் கோனுக்கு அதே ஒரு வாட்டில் 84ஐ ஒட்டித்தான் வரும். இடையில் இருக்கும் இருபது டெசிபலை ஆம்ப்ளிஃபயரைக் கொண்டு ஈடுகட்ட வேண்டுமென்றால் நூறு மடங்கு வாட் தேவைப்படும். குழாயின் குரல் இனிமையானது என்று நான் சொல்ல வரவில்லை. கீழ்ச் சுருதியும் மேல்சுருதியும் அதில் கிடையாது. ஆனால் கரண்டைச் சத்தமாக மாற்றும் இடத்தில்தான் பெரிய வித்தியாசம் பிறக்கிறது என்பதை அந்த மரத்தடியில் கற்றுக்கொண்டேன். பிறகு முப்பது வருடமாக வீட்டு செட்டுகளைத் திறந்து பார்த்து வேலை செய்தபோதும் அந்தப் பாடம் பொய்யாகவில்லை.

இந்த எண்ணைச் சென்சிட்டிவிட்டி என்பார்கள். ஸ்பீக்கரின் பெட்டியிலோ கையேட்டிலோ 84, 87, 90 என்று போட்டிருக்கும். பெரும்பாலோர் அதைப் பார்ப்பதே இல்லை, வாட்டை மட்டும் பார்க்கிறார்கள். ரிசீவரின் வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது மூன்று டெசிபல்தான். அது காதுக்குத் தெரியும், ஆனால் கொஞ்சம் கூட்டி வைத்தது போல இருக்கும், அவ்வளவே. சத்தம் இரட்டிப்பாகிவிட்டது என்று காது உணர்வதற்கு ஏறத்தாழ பத்து டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட். ஆகவே 80 வாட் ரிசீவரைக் கொடுத்துவிட்டு 110 வாட் ரிசீவரைத் தூக்கி வருகிறவருக்கு வாட் கணக்கில் கிடைத்தது ஒன்றரை டெசிபல்கூட இல்லை. அதே ரிசீவரை வைத்துக்கொண்டு 84 டெசிபல் ஸ்பீக்கரை இறக்கிவிட்டு 90 டெசிபல் ஸ்பீக்கரை வைத்தால், சத்தக் கணக்கில் அந்த 80 வாட் ரிசீவர் 320 வாட் ரிசீவரின் வேலையைச் செய்யும்.

உங்கள் ஹாலில் எவ்வளவு வாட் உண்மையில் செலவாகிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். சோபா டிவியிலிருந்து பத்தடி தூரத்தில், அதாவது மூன்று மீட்டரில் இருக்கிறது என்று கொள்வோம். 88 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்று, ஒரே ஒரு வாட்டில், திறந்த வெளியில்கூட அந்தத் தூரத்துக்கு 78 டெசிபலுக்கு மேல் கொண்டுவந்து சேர்க்கும். நான்கு சுவருக்குள் இன்னும் சற்றுக் கூடும். ஹாலில் உட்கார்ந்து இருவர் பேசும் பேச்சு 60, 65 டெசிபல்தான் இருக்கும். ஆக, வசனக் காட்சி முழுவதும் உங்கள் ரிசீவர் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. வெடிச் சத்தம் 90 டெசிபலுக்கு எகிறும் ஒரு நொடிக்குக்கூடப் பதினைந்து வாட் போதும். வசனம் புரியவில்லை என்ற குறைக்கு வாட் மருந்தாக முடியாது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

வாட் பற்றி இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ரிசீவரின் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் பல நேரங்களில் ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 6 ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் தடை), ஒரு கிலோஹெர்ட்ஸ் ஒலியில், பத்து சதவீதச் சிதைவை அனுமதித்து எடுத்த அளவு. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், இரண்டு சேனல் என்று போட்டிருக்கும் எண்ணை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். அப்படி ஒப்பிட்டால் கடைக்காரர் காட்டும் புது ரிசீவரும் உங்களுடையதும் அருகருகே வந்து நிற்கக்கூடும்.

சத்தத்தை விட்டுவிட்டுத் துல்லியத்தை எடுத்துக்கொண்டாலும் விஷயம் அதேதான். நல்ல நிலையில் இருக்கும் ஒரு சாதாரண ரிசீவர், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு டெசிபல்கூட ஏறி இறங்காமல் கொடுக்கும். அதன் சிதைவு சாதாரணச் சத்தத்தில் பத்தில் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். நல்ல ஸ்பீக்கர் என்று பெயர் எடுத்ததே மூன்று டெசிபல் மேலும் கீழும் அலையும். சின்னக் கோனைக் கீழ்ச் சுருதியில் வருத்தினால் சிதைவு பல சதவீதம் வரை போகும். அறையோ, கீழ்ச் சுருதியைப் பத்து டெசிபல் வரைகூடத் தூக்கியும் அமுக்கியும் விடும். எங்கே குறை பெரிதாக இருக்கிறதோ அங்கே செலவிட்ட பணம்தான் காதில் தெரியும்.

இதைப் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டவன் நான். எங்கள் வீட்டில் 2009இல் சின்ன ரிசீவர் ஒன்றைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, ஒரு கடையில் பெரிய வாட் சொன்ன ரிசீவரை வாங்கி, பழைய சின்ன ஸ்பீக்கர்களையே அதில் மாட்டினேன். அன்று இரவு பழகிய படத்தின் பழகிய காட்சியைப் போட்டுவிட்டு, மாற்றம் எங்கே என்று வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் கழித்து முன்பக்க ஸ்பீக்கர்களை மாற்றியபோது தேட வேண்டியிருக்கவில்லை. அடுக்களையில் நின்றிருந்த என் மனைவி, டிவியில் யார் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே ஹாலுக்கு வந்தார்.

ஆகவே எதை மாற்றலாம் என்ற கேள்விக்கு முன்னால், காதில் விழும் குறை எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வசனம் மங்கல், பாட்டில் குரல் தகரம் போல இருக்கிறது, அடிச்சுருதி தளதளவென்று ஓடுகிறது, சத்தம் கூட்டினால் கிழிகிறது என்றெல்லாம் சத்தத்தின் தன்மையைப் பற்றிய குறையாக இருந்தால் அது ஸ்பீக்கரிலும் அறையிலும் இருக்கிறது. டிவியிலிருந்து ஒலி வந்து சேரவில்லை, புதிய வகை ஒலியை அது படிக்கவில்லை, சூடேறி நின்றுவிடுகிறது என்று வந்து சேர்வதிலும் நிற்பதிலும் குறை இருந்தால் அது ரிசீவருடையது. உங்கள் தாளில் இருப்பது முதல் வகை.

வசனம் ஏன் புரியாமல் போகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். நம் பேச்சில் உயிரெழுத்துகளுக்குத்தான் பலம் அதிகம். அந்தப் பலம் பெரும்பாலும் ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது, அதனால் யாரோ பேசுகிறார்கள் என்பது எப்படியும் கேட்டுவிடும். ஆனால் என்ன பேசினார்கள் என்பதைப் பிரித்துக் காட்டுவது க, ச, த, ப போன்ற வல்லின மெய்களின் மெல்லிய வெடிப்பும் உரசலும். அவற்றின் பலம் பெரும்பாலும் இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே, குறைந்த சத்தத்தில் இருக்கிறது. சுழலும் மின்விசிறியின் இரைச்சல், வெறும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி, ஷோகேஸ் பலகையில் மோதிச் சிதறும் ஒலி ஆகிய மூன்றும் முதலில் விழுங்குவது இந்த மெய்களைத்தான். மாமனாரின் வயதில் காது முதலில் இழப்பதும் மேல்சுருதியைத்தான். அவர் திரும்பத் திரும்பக் கேட்பதில் அவர் தவறு எதுவும் இல்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை வேலைகள். படம் ஓடும்போது எழுந்து போய் சென்டர் ஸ்பீக்கரில் காதை வையுங்கள். வசனம் அதிலிருந்து தெளிவாக வர வேண்டும். ஆனையூரில் ஒரு வீட்டில் இதே குறையைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். காதை வைத்தால் சென்டரிலிருந்து ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. டிவியின் ஒலி செட்டிங்கில் பிசிஎம் என்று இருந்தது. பல டிவிகளில் அப்படி வைத்தால் 5.1 ஒலியை இரண்டு சேனலாகச் சுருக்கித்தான் ரிசீவருக்கு அனுப்பும். ரிசீவரும் ஸ்டீரியோவில் இருந்ததால் நடு ஸ்பீக்கருக்கு அங்கே வேலையே இல்லை. போதாததற்கு இடது ஸ்பீக்கரின் ஒயர் பிளஸ்ஸும் மைனஸும் மாறி மாட்டப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முன்னே தள்ள வேண்டிய காற்றை ஒன்று தள்ள, மற்றது இழுத்துக்கொண்டிருந்தது. குரல் நடுவில் நிற்காமல் அறை முழுவதும் கரைந்துபோயிருந்தது. அந்த வீட்டார் புது செட் வாங்கக் கடையில் விலைகூடக் கேட்டு வைத்திருந்தார்கள். டிவியில் ஒலியைச் சுருக்காமல் அப்படியே அனுப்பும் பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ்த்ரூ என்று மாற்றி, ரிசீவரையும் ஸ்டீரியோவிலிருந்து எடுத்து, ஒயரைத் திருப்பி மாட்டினேன். அவ்வளவுதான் வேலை.

ஒயர் சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. ரிசீவரை அணைத்து, அதன் பின்னால் இருந்து ஒரு ஸ்பீக்கரின் ஒயரை மட்டும் கழற்றுங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்து, பிளஸ் ஒயரைப் பேட்டரியின் குமிழிலும் மைனஸ் ஒயரை அடியிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். டப் என்ற சத்தத்தோடு வூஃபர் கோன் வெளியே எட்டிப் பார்த்தால் சரி. உள்ளே போனால் மாறி இருக்கிறது. ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றிவிட்டு இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்தச் சின்ன அசைவு நன்றாகவே தெரியும். ஐந்து ஸ்பீக்கருக்கும் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகாது.

அடுத்து, சென்டரை ஷோகேஸ் குழிக்குள்ளிருந்து வெளியே எடுங்கள். குழிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் பானைக்குள் பேசுகிறவரைப் போல. பலகையின் முன்விளிம்புவரை இழுத்து, அடியில் ரப்பர் துண்டு கொடுத்து, உட்கார்ந்திருப்பவரின் காதை நோக்கி முகத்தைச் சற்று நிமிர்த்தி வையுங்கள். பிறகு ரிசீவரோடு வந்த மைக்கைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் பெட்டிக்குள் பிரிக்காத பாலிதீன் பையிலேயே இருக்கும். டெனானில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ என்று பெயர் வேறுபடும், வேலை ஒன்றுதான்: ஸ்பீக்கர்களின் தூரத்தையும் சத்தத்தையும் அளந்து, அறையின் கோணல்களை முடிந்தவரை நேராக்குவது. தெரு அடங்கியிருக்கும் விடிகாலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கைக் காது உயரத்தில் ஸ்டாண்டில் வைத்து ஓட்டுங்கள். மடியில் வைத்துக்கொண்டு ஓட்டக்கூடாது. முடிந்த பிறகு சின்ன ஸ்பீக்கர்களின் கிராஸ்ஓவரை, அதாவது எந்தச் சுருதிக்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, கையால் சரிபாருங்கள். பெரிய ஸ்பீக்கருக்கு வழக்கமான 80 ஹெர்ட்ஸ் மூன்று அங்குலக் கோனுக்குத் தாங்காது. 120 அல்லது 150 வைத்து, அதற்குக் கீழ் உள்ளதை சப்வூஃபரிடம் விட்டுவிடுங்கள். கடைசியாக சென்டரின் அளவை மட்டும் இரண்டு அல்லது மூன்று டெசிபல் கூட்டுங்கள்.

ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டிப் பாருங்கள். தட்டல் முடிந்த பிறகும் சிர்ர் என்று ஒரு வால் நீண்டால், காங்கிரீட் கூரையும் பூச்சுச் சுவரும் டைல்ஸ் தரையும் ஒலியை ஒன்றின்மேல் ஒன்று வீசி விளையாடுகின்றன என்று பொருள். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் கனமான ஜமக்காளம் ஒன்றை விரித்து, ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாகத் தொங்கும் திரையைப் போட்டு, சோபாவுக்குப் பின்சுவர் ஓரம் ஓர் இலவம்பஞ்சு மெத்தையைச் சாத்தி வைத்து மறுபடியும் தட்டிப் பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்துகாட்டிய வீடுகளில், வாங்கப்போன பொருளின் பட்டியலே மாறியிருக்கிறது. முட்டை அட்டையை மட்டும் ஒட்டாதீர்கள். அதனால் ஒலிக்குப் பயன் மிகக் குறைவு, தீப்பிடிக்கும் ஆபத்து அதிகம்.

சப்வூஃபர் பற்றிச் சுருக்கமாக: பன்னிரண்டடி நீளத்தில் ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸும் பதினாறடியில் 36 ஹெர்ட்ஸும் உங்கள் அறையில் தேங்கி நிற்கும், அதனால் சில இடங்களில் குமுறலும் சில இடங்களில் வெறுமையும் இருக்கும். சப்வூஃபரைத் தூக்கிச் சோபாவில் வைத்து, அடிச்சுருதி உள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாக மண்டியிட்டு நகர்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரைக் கொண்டுபோய் வைத்தால் சோபாவில் அதே சீர் கிடைக்கும்.

இவ்வளவும் செய்துவிட்டு இரண்டு வாரம் படம் பாருங்கள். மீதம் இருக்கும் குறைதான் பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டிய குறை.

ரிசீவரை முதலில் மாற்ற வேண்டியவர்களும் இருக்கிறார்கள் என்று சொன்னேன். எச்டிஎம்ஐ இல்லாமல், ஒளி வழியாக ஒலியைக் கடத்தும் ஆப்டிகல் ஒயரை மட்டும் நம்பியிருக்கும் பழைய ரிசீவர் முதல் வகை. ஆப்டிகலில் பழைய 5.1 டால்பி வரும். ஓடிடி செயலிகள் அட்மாஸை அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் அதில் வராது. எச்டிஎம்ஐயில் ஏஆர்சி (டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலியைத் திருப்பி அனுப்பும் வழி) 2009இல் வந்த 1.4 வகையிலேயே இருக்கிறது, அதில் டால்பி டிஜிட்டல் பிளஸ் பெரும்பாலும் வரும். ப்ளூரேயில் உள்ள தரம் குறையாத ஒலியை டிவி வழியாகக் கொண்டுவரத்தான், ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான, 2017இல் அறிவித்த 2.1 வகையின் ஈஏஆர்சி வேண்டும். உங்கள் ரிசீவர் 4கே படத்தைக் கடத்தாது என்று கடைக்காரர் சொன்னால் அதற்காகவும் அஞ்ச வேண்டியதில்லை. எல்லாவற்றையும் நேரே டிவியில் மாட்டி, ஏஆர்சி வழியாக ஒலியை மட்டும் ரிசீவருக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாவது வகை, அரைமணி நேரத்தில் புரொடெக்ட் என்று காட்டி நின்றுவிடும் ரிசீவர், அல்லது ஒரு சேனல் செத்துப்போன ரிசீவர். அதையும் முதலில் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள், பின்னால் ஒயரின் ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே அறிகுறி வரும்.

மூன்றாவது வகையில்தான் நான் கடைக்காரர் பக்கம் சாய்வேன். நல்ல ஸ்பீக்கர் ஏற்கெனவே இருந்து, ரிசீவரில் மைக் வசதியே இல்லாமலோ மிகப் பழைய வகையாகவோ இருந்தால், அறையின் ஒலியைத் திருத்தும் டிராக் லைவ் மென்பொருள் அல்லது ஆடிஸியின் மேல் வகை உள்ள ரிசீவர் அடிச்சுருதியில் செய்யும் மாற்றம் உண்மையானது. அதைக் காதால் கேட்டிருக்கிறேன். ஆனால் மூன்று அங்குலக் கோனைக் கொண்டு அந்த மென்பொருள் எதையும் சாதிக்க முடியாது. கோன் தள்ள முடியாத காற்றை எந்தக் கணக்கும் தள்ளாது. 60 ஹெர்ட்ஸைக் கூட்டச் சொன்னால், கோனை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில்தான் தீயும்.

இன்னொரு வகையினருக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது. பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே டப்பாவில், ஸ்பீக்கர் ஒயருக்குத் தனி வடிவ பிளக்கோடு, 1000 வாட் என்று சொல்லி விற்ற ஒரே பெட்டி ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் அவர்கள். அந்த ஸ்பீக்கர்கள் பல 3 அல்லது 4 ஓம். சாதாரண ரிசீவரில் மாட்டினால் அதைச் சூடேற்றும். அதன் சப்வூஃபருக்கும் சொந்த ஆம்ப்ளிஃபயர் கிடையாது. ரிசீவரின் சப்வூஃபர் துளையிலிருந்து வரும் சிக்னலை வைத்து அது பாடாது. அப்படிப்பட்டவர்கள் ஒன்றை மட்டும் மாற்றுவதற்காகப் பணத்தைச் செலவிடாமல், முழுவதும் மாற்றும் அளவு சேரும்வரை பொறுப்பதே நல்லது. அவசரமென்றால் ரிசீவரோடு முன்பக்கம் இரண்டு ஸ்பீக்கர் மட்டும் வாங்கித் தொடங்கலாம்.

அட்மாஸ் ஆசை தவறில்லை. ஆனால் 5.1.2க்கு ஏழு சேனலும், தலைக்கு மேலே இரண்டு ஸ்பீக்கரும் வேண்டும். காங்கிரீட் கூரையில் குழி போட முடியாது. ஃபால்ஸ் சீலிங் இல்லாவிட்டால் சுவரின் உச்சியில் மாட்ட வேண்டும், அல்லது கூரையில் மோதித் திரும்பும்படி மேல்நோக்கிப் பாடும் வகையை வைக்க வேண்டும். பத்தடி உயரச் சமதளக் கூரை அதற்கு நன்றாகவே உதவும். ஆனால் ஒலி மோத வேண்டிய இடம் உங்களுக்கும் டிவிக்கும் நடுவில், சரியாக மின்விசிறி சுழலும் இடத்தில் வருகிறது. சித்திரை மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டுப் படம் பார்க்கும் வீடு மதுரையில் எது? கீழே ஐந்தும் ஒழுங்காகப் பேசாத செட்டில் மேலே இரண்டைச் சேர்ப்பது பயன் தராது. அது அடுத்த கட்டம்.

இனி 60,000 ரூபாய். பெரும்பகுதியை முன்பக்கம் மூன்றுக்கு வையுங்கள்: இடது, வலது, சென்டர் மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கார் இடமிருந்து வலமாகப் போகும்போது நடுவில் குரல் மாறும். ஐந்தரை அல்லது ஆறரை அங்குல வூஃபர், 88 டெசிபலுக்குக் குறையாத சென்சிட்டிவிட்டி, 6 அல்லது 8 ஓம் போதும். உங்கள் அறைக்குத் தரையில் நிற்கும் உயரமான வகை தேவையில்லை, புத்தக அலமாரி வகை இரண்டும் கனமான ஸ்டாண்டும் போதுமானது. அந்த வரிசையில் உள்ளதில் பெரிய சென்டரை எடுங்கள். பணம் இடித்தால் இடது வலதில் குறைத்துக்கொள்ளுங்கள், சென்டரில் குறைக்காதீர்கள். பழைய சின்னவற்றில் இரண்டு பின்பக்கம் சரவுண்டாகத் தொடரட்டும், அந்த வேலைக்கு அவை போதும். மீதம் இருந்தால் அடுத்தது பத்து அங்குல சப்வூஃபர். ஒயருக்கு விலை உயர்ந்த பாக்கெட் எதுவும் வேண்டாம். எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் பத்து மீட்டருக்குத் தாராளம்.

கடையில் கேட்கும்போது நீங்கள் மனப்பாடமாக அறிந்த ஒரு வசனக் காட்சியையும் ஒரு பழைய பாட்டையும் போனில் கொண்டுபோங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக வைத்த ஸ்பீக்கர்கூட மேலானதாகத் தோன்றும். ஆகவே இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, நீங்களே ரிமோட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கார்ப்பெட் போட்ட ஏசி அறையில் கேட்டது உங்கள் ஹாலில் அப்படியே இருக்காது என்பதால், ஒரு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கக் கொடுப்பார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பழைய ஸ்பீக்கர் கிடைத்தாலும் வாங்கலாம். கோனின் ஓரம் நுரையா ரப்பரா என்று பாருங்கள். நுரை நம் ஊர்ச் சூட்டில் பத்துப் பதினைந்து வருடத்தில் பொடிந்து உதிரும், ரப்பர் அதைவிட அதிக நாள் நிற்கும். நான்கு விரலைக் கோனைச் சுற்றிச் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்துங்கள். கரகரவென்று உரசினால் வாய்ஸ் காயில் போய்விட்டது, விட்டுவிடுங்கள். பழைய ரிசீவரை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இந்த வரிசையில் போனால் உங்கள் 2013 ரிசீவர் இன்னும் சில வருடம் உழைக்க வேண்டியிருக்கும், அதனால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு பத்து டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ பாதியாகக் குறையும். மே மாதத்தில் 40 டிகிரி தொடும் ஊரில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் ரிசீவரை அடைத்து, மேலே செட்டாப் பாக்ஸையும் வைப்பது அதை மெல்லக் கொல்வதுதான். தலைக்கு மேல் அரை அடியாவது காலியாக விட்டுத் திறந்த தட்டில் வையுங்கள். ஐப்பசியில் இடி தொடங்கியதும் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் நெட் ஒயரையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். மின்னல் பாய்ந்து எச்டிஎம்ஐ போர்டு போன ரிசீவர்கள் என் மேசைக்கு வந்ததில் பெரும்பாலானவை அந்த இரண்டு வழியாகத்தான் அடிபட்டிருந்தன, பத்து வருடத்துக்கு மேலான மாடலுக்கு அந்த போர்டைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.